பூ கேட்டது ஸ்பேனருக்கு

என் கணவர் சாமுவேலுக்கு எந்த வேலையையும் மெக்கானிக்கிடம் கொடுக்கப் பிடிக்காது. கோலார் தங்கவயலில், அதாவது கே.ஜி.எஃப்.பில், பிறந்த ஆண்பிள்ளைகள் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. அப்பா தங்கச் சுரங்கத்தில் மெஷின் ஓட்டியிருந்தால் பிள்ளைக்கு ஸ்பேனர் பிடிக்கும் கை தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டு மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் அந்த நம்பிக்கைக்குப் பலியானவை. அவற்றை இன்னும் தூக்கிப் போடவிடாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். "ஸ்பேர்ஸுக்கு ஆவும்" என்பார்.

அதே கட்டிலுக்கு அடியில், ஈஸ்டரிலிருந்து, அட்டைப் பெட்டியில் இரண்டு புது ஷாக் அப்சார்பர் தூங்கிக்கொண்டிருந்தன. சாமுவேல் பிளைவுட் ஏற்றி இறக்கும் பிக்கப் வண்டியின் முன்பக்கத்துக்கு வாங்கியவை. வண்டியில் இருந்த பழைய இரண்டும் எண்ணெய் ஒழுகிச் செத்துப்போயிருந்தன. பெங்களூரில் ரோட்டை விட ஹம்ப், அதாவது வேகத்தடை, அதிகம். ஒரு ஹம்ப்பில் ஏறி இறங்கினால் எங்கள் வண்டி அடுத்த ஹம்ப் வரும்வரை குதித்துக்கொண்டே போகும். பிளைவுட்டுக்கு அது பரவாயில்லை. என் தொழில் கேக்.

போன வருஷம் சொந்தக்காரக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஐந்து அடுக்குக் கேக் செய்து, இதே வண்டியில் பெங்களூர் ஜீவனஹள்ளியிலிருந்து கே.ஜி.எஃப். ராபர்ட்சன்பேட்டைக்குக் கொண்டுபோனேன். போய்ச் சேர்ந்தபோது அடுக்கு எதுவும் இல்லை. உச்சியில் வைத்த சர்க்கரைப் புறா அடியில் எங்கோ புதைந்து போயிருந்தது. ஃபாதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்பூன் இருக்கிறதா என்று கேட்டார். அன்றிலிருந்து கே.ஜி.எஃப். முழுக்க எனக்கு 'உப்புமா ஆஞ்சலா' என்று பெயர்.

இப்போது என் தங்கை சோஃபியாவுக்குக் கல்யாணம், அதே ஊரில், விஜயதசமி அன்று. கேக்கை நான்தான் செய்வேன் என்றேன். மாப்பிள்ளையின் அம்மா போனிலேயே சிரித்தார். "ஏம்மா, பெங்களூர்ல பேக்கரியே இல்லியா? எங்க வீட்டுக் கல்யாணத்துல உப்புமா போட வேணாம்" என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! "முழுசா வந்து நிக்கும் ஆன்ட்டி. நிக்கலன்னா அடுப்பையே வித்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே, அதுதான் என் முதல் சத்துரு.

வெறும் அடுக்குக் கேக்கும் இல்லை. சுரங்க வாயிலில் நிற்கும் இரும்புக் கோபுரம், உச்சியில் கயிறு ஓடும் பெரிய சக்கரத்தோடு. எங்கள் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் ஒரே கோபுரத்தின் வழியாக இறங்கி ஏறியவர்கள் என்பதால் சோஃபியா அதைத்தான் கேட்டாள். பழக்கேக்கில் அடித்தளம், சாக்லேட்டில் சட்டங்கள், இடுப்பு உயரம். பிரித்து எடுத்துப்போய் அங்கே சேர்க்க முடியாது. காருக்குள் நுழையாது. பூஜை விடுமுறையில் வாடகை டெம்போவும் கிடைக்காது. பிக்கப்தான், ஆனால் அது குதிக்கக் கூடாது.

ஈஸ்டரிலிருந்து "செஞ்சிடலாம், செஞ்சிடலாம்" என்றே ஓட்டிய சாமுவேல், கல்யாணத்துக்கு முந்தின நாள், ஆயுத பூஜை அன்று காலையில் எழுந்து சட்டையைக் கழற்றினார்.

அவரையும் குறை சொல்லிப் பயனில்லை, வேகமாகத்தான் செய்தார். ஜாக்கி போட்டு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுப்பதுபோல் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி அதன்மேல் வண்டியை உட்கார வைத்தார். சக்கரங்களைக் கழற்றினார். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கி, இரண்டு பழைய ஷாக்குகளையும் வெளியே எடுத்தார். ஒன்றை என் முன்னால் நிறுத்தி ஒரு விரலால் அமுக்கினார். அது உள்ளே போனது, திரும்பி வரவேயில்லை.

"பாத்தியா? உயிரே இல்ல. புதுசைப் பாரு" என்று மற்றதைக் காட்டினார். புது ஷாக்கை அமுக்கிச் சுருக்கி, நீளவாக்கில் ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். "உள்ள கேஸ் கீது. பட்டைய அறுத்தா தானா நீண்டுக்கும். அதனால வண்டில மாட்டினப்புறந்தான் அறுக்கணும். நீ தொடாத."

நான் எதற்குத் தொடப்போகிறேன்? எனக்குக் கோபுரத்தின் உச்சியில் சக்கரம் ஒட்டும் வேலை பாக்கி இருந்தது. வாஷர் போதவில்லை என்று அவர் கடைக்குப் போனார். நான் உள்ளே போனேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வீட்டு ஓனர் கோவிந்தப்பா மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்.

கோவிந்தப்பா ரிட்டையர் ஆன பஸ் டிரைவர். தங்கமான மனுஷன். முன்வாசல் அறையில் என் பெரிய அடுப்பை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தவர். ஆயுத பூஜை என்றால் மட்டும் அவருக்குத் தன் வீடு, குடித்தனக்காரர் வீடு என்ற பேதம் கிடையாது. காம்பவுண்டுக்குள் இருக்கும் அத்தனை கருவிகளையும் வாரிக்கொண்டு வந்து சாமுண்டேஸ்வரி படத்தின் முன்னால் வைத்துப் பொட்டு வைத்துவிடுவார். வருஷா வருஷம் என் முட்டை அடிக்கும் மெஷினுக்குக்கூட மாலை உண்டு.

மணிச் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தேன். சக்கரமில்லாத எங்கள் பிக்கப், கட்டைகளின் மேல் உட்கார்ந்து, நெற்றியில் விபூதிப் பட்டையும் கழுத்தில் சாமந்தி மாலையுமாக இருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கார் நிறுத்தும் இடத்தில் பலகை போட்டு, அம்மன் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதன் முன்னால் ஸ்பேனர்கள், ஜாக்கி, சுத்தியல், மாடியில் குடியிருக்கும் பையன் பாலகுமாரின் லேப்டாப், என் அலமாரியில் இருந்த நீளமான கேக் கத்தி. புது ஷாக்குகள் இரண்டையும் படத்துக்கு இரு பக்கமும் துவாரபாலகர் மாதிரி நிற்க வைத்து, அவற்றின் தலையிலிருந்து படத்தின் மேலாக ஒரு மாலையைப் போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"அங்கிள், ஸ்பேனரெல்லாம் இப்ப வேணுமே" என்றேன்.

"இப்பவா? பூஜையில வெச்சாச்சு ஆஞ்சலம்மா" என்றார், கையில் கற்பூரத் தட்டோடு. "இனி நாளைக்கு மறுபூஜை ஆகி, ஒம்பது மணிக்கு மேலதான் எடுக்கணும். இன்னிக்கு ஆயுதத்துக்கு லீவு."

நாங்கள் காலை ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். கல்யாணம் பத்து மணிக்கு.

சாமுவேல் வாஷரும் கடலைப்பொரியுமாக வந்து சேர்ந்தார். நான் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "அவர் மேல போனதும் எடுத்துடுங்க" என்றேன். அவர் ஸ்பேனர்களைப் பார்த்தார், பின்னால் நகர்ந்தார்.

"பூஜைல வெச்சத எப்படி தொட்றது?"

"நீங்க கிறிஸ்டியன்தானே?"

"நான் கிறிஸ்டியன்தான். ஸ்பேனர் இன்னா மதம்னு யாருக்குத் தெரியும்? எங்கப்பா ஞாயித்துக்கிழமை பூசைக்குத் தவற மாட்டாரு, ஆனா ஆயுத பூஜை அன்னிக்கு மெஷினத் தொட்டதே இல்ல. சொரங்கத்துல யாருமே தொட மாட்டாங்க."

நான் கட்டிக்கொண்டது இப்படி ஒரு ஆளை. சரி, வேறு யாரிடமாவது ஸ்பேனர் வாங்குங்கள் என்றேன். அவர் தெரு முழுக்கச் சுற்றிவிட்டுப் பொரிப் பொட்டலங்களோடு மட்டும் திரும்பி வந்தார். ஊரில் உள்ள ஸ்பேனர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியாக ஒரு யோசனை வந்தவராக, காக்ஸ் டவுனில் கராஜ் வைத்திருக்கும் ரியாஸ் பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் கண்டிப்பாகப் பூஜை போட்டிருக்க மாட்டார் அல்லவா?

"அரே சாமு, நான் எங்க போட்டேன்? பசங்க காலைலயே வந்து எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு உக்கார வெச்சுட்டானுங்கோ. தொட்டா சண்டைக்கு வரானுங்கோ பா. நானே சும்மா உக்காந்துகினு பொரி துன்றேன். நாளைக்கு வா."

நான் கோபுரத்தைப் போய்ப் பார்த்தேன். சக்கரம் ஒட்டியாகிவிட்டது. இவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது. நேராக வெளியே வந்து கோவிந்தப்பாவின் முன்னால் நின்றேன். கேக், கல்யாணம், மாப்பிள்ளையின் அம்மா, உப்புமா, அடுப்பை விற்பதாகச் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் முகம் வாடிவிட்டது. பொரித் தட்டைக் கீழே வைத்தார்.

"உங்களத் தடுக்க எனக்கு மட்டும் ஆசையா மா? ஒரு வருஷம் பூஜையில வெச்ச வீல் ஸ்பேனர அன்னிக்கே எடுத்தேன். மறுநாள் ஹொசகோட்டே கிட்ட எருமை வந்து பஸ்ஸ முட்டுச்சு. பஸ் போய் எருமைய முட்டுனா நியாயம். எருமை வந்து பஸ்ஸ முட்டுச்சு மா! நாளைக்கு நீங்க அதே ரோட்லதான் போகணும்."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"ஒண்ணு பண்ணலாம். தேவிகிட்ட ஹூ கேக்கலாம்."

ஹூ என்றால் பூ. படத்தின் தலையில் ஒரு பூவை வைத்துவிட்டு மனதில் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அம்மனுக்கு வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் கிடையாது. விழாமலே இருந்தால் அம்மன் யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

ஒரு வெள்ளைச் சாமந்தியைப் படத்தின் சட்டத்தின்மேல் வைத்தார். எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். மாடிப் பையன் பாலகுமாரும் வந்து உட்கார்ந்தான். திருநெல்வேலிக்காரன், ஐ.டி. வேலை. பலகைமேல் பொட்டு வைத்துக்கொண்டிருந்த அவன் லேப்டாப் 'டிங் டிங்' என்று கத்திக்கொண்டே இருந்தது. அவன் அசையவில்லை.

"ஆபீஸ்ல தேடறாங்களே, தம்பி" என்றேன்.

"தேடட்டும்க்கா. லேப்டாப்ப சாமிக்கு வெச்சிருக்கோம், தொடக்கூடாதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லியாச்சு. அவரு கன்னடக்காரர், ஒண்ணும் சொல்ல முடியல" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பூ மட்டும் விழாம இருந்தா நல்லாருக்கும்" என்று கைகூப்பிக் கண்ணை மூடினான்.

எனக்கு அவனை ஒரு அறை விடலாம் போல இருந்தது. நான் அந்தோணியாரை வேண்டிக்கொண்டேன். காணாமல்போன பொருளைத்தான் அவர் கண்டுபிடித்துக் கொடுப்பார். எங்கள் ஸ்பேனர் காணாமல் போகவில்லை, கண்ணெதிரேதான் இருந்தது. ஆனாலும் அவசரத்துக்கு எனக்குத் தெரிந்த புனிதர் அவர்தான்.

பூ விழவில்லை. ஊதுபத்தி எரிந்து முடிந்தது. இன்னொன்று ஏற்றினார்கள். தெருவில் யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். பூ அசையவில்லை. சாமுவேல் மெல்ல எழுந்தார்.

"ஓனர், டேபிள் ஃபேன் கொஞ்சம் போட்டா..."

கோவிந்தப்பா கொதித்துவிட்டார். "சீ! தேவிக்கே ஃபேனா? மோசம்! சாமிகிட்டயே ஏமாத்து வேலையா? உக்காரய்யா!"

சாமுவேல் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு அந்த வாடை வந்தது.

என் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் யார் வீட்டில் பால் அடிப்பிடித்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். இது பால் இல்லை, பிளாஸ்டிக். பார்த்தேன். எங்களுக்கு வலப்பக்கம் நின்ற ஷாக்கின் காலடியில் குத்துவிளக்கு இருந்தது. அதன் சுடர் ஷாக்கைக் கட்டியிருந்த பட்டையை ஓரமாக நக்கிக்கொண்டிருந்தது. பட்டை கறுத்து, சுருங்கி, ஒரு நூலளவுதான் மிச்சம்.

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். கோபுரம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பட்டை அறுந்தது. துவாரபாலகர் சோம்பல் முறிப்பதுபோல் ஷாக் மெதுவாக, 'ஸ்ஸ்ஸ்' என்று நீண்டது. அதன் தலையில் இருந்த மாலையும் கூடவே உயர்ந்தது. எங்களுக்கு வலப்பக்கம் மேலே ஏற, மாலை படத்தின்மேல் சரிய, வெள்ளைச் சாமந்தி உருண்டு எங்களுக்கு இடப்பக்கம் விழுந்தது. பிறகு ஷாக்கும் தடாலென்று விழுந்தது.

எல்லோரும் பூ கிடந்த இடத்தை எட்டிப் பார்த்தோம்.

"லெஃப்ட்ல விழுந்திருக்கு அங்கிள்" என்றான் பாலகுமார் அவசரமாக.

"உனக்கு லெஃப்டுடா! தேவி நம்மளப் பாத்துதானே உக்காந்திருக்கா? அவளுக்கு ரைட்டு! ஹூ கொட்டுட்டா தாயி, குடுத்துட்டா!" கோவிந்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. சாமுவேல் ஸ்பேனர் மேல் பாய்ந்தார். பாலகுமார் நம்பிக்கையற்றுப்போய் லேப்டாப்பை எடுக்கக் கை நீட்டினான்.

"அத யாரு எடுக்கச் சொன்னது?" என்றார் கோவிந்தப்பா. "ஹூ கேட்டது ஸ்பேனருக்கு. ஸ்பேனர், ஜாக்கி, வண்டி சாமான், அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் நாளைக்கு மறுபூஜை ஆனப்புறம்."

பாலகுமார் சந்தோஷத்தில் அங்கேயே பாதி நமஸ்காரம் செய்துவிட்டான். "என் கேக் கத்தி?" என்று கேட்டேன். "கத்திக்குக் கேக்கலையே மா" என்றார். சரி, கல்யாண மண்டபத்தில் கத்தியா கிடைக்காது என்று விட்டுவிட்டேன்.

நீண்டுபோன ஷாக்கை இனிக் கையால் சுருக்க வேண்டும். சாமுவேல் தரையில் ஊன்றி முழு பலத்தோடு அமுக்கினார். பாதி போனது, அவரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தது. "தள்ளு" என்று கோவிந்தப்பா வந்தார். தொப்பையை ஷாக்கின் தலையில் கொடுத்து, இரண்டு கையாலும் அணைத்து, மேலே சாய்ந்தார். "என்னத் தாங்குன பஸ் எத்தன! நீ எம்மாத்திரம்!" ஷாக் பணிந்தது. கட்டுவதற்குக் கயிறு தேடினால், உறுதியாக இருந்தது கேக் பெட்டிக்கு வைத்திருந்த தங்க நிற சாட்டின் ரிப்பன்தான். பல சுற்றுச் சுற்றி, பூ முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சு எனக்குக் கைவந்த கலை.

வண்டிக்கு அடியில் படுத்து மேல் நட்டையும் கீழ் போல்ட்டையும் மாட்டிய பிறகு, சாமுவேல் ரிப்பனின் நுனியைப் பிடித்து இழுத்தார். பிறந்தநாள் பரிசைப் பிரிப்பதுபோல் அவிழ்ந்து வந்தது. இரண்டாவது ஷாக்கையும் மாட்டினார். அதில் பட்டை இன்னும் அறுபடாமல் இருந்தது.

"பட்டைய அறுக்கணும், கத்தி குடு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

கத்தி பூஜையில் இருந்தது. நான் கோவிந்தப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்து வண்டிக்கு அடியில் நீட்டினார்.

"இதுக்குக் கத்தி எதுக்கு? ஊதுபத்தி போதும்" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்படியானால் விளக்கு பட்டையைச் சுட்டதை அவரும் பார்த்திருக்கிறார்.

பொழுது சாய்வதற்குள் சக்கரங்களையும் மாட்டிவிட்டார்கள். சாமுவேல் பம்பரின்மேல் ஏறிக் குதித்தார். வண்டி ஒருமுறை தாழ்ந்து, எழுந்து, நின்றது. இன்னொருமுறை குதித்தார். மறுபடியும் அப்படியே. அவரை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

மறுநாள் காலை இருட்டு பிரியும் நேரம் கோபுரத்தை ஏற்றிக்கொண்டிருந்தோம். கோவிந்தப்பா ஸ்வெட்டர், மங்கி குல்லா, தோளில் ஒரு பையோடு வந்து நின்றார்.

"நானும் வரேன். எருமை வந்தா?" என்றார்.

நான் முன்னால் உட்கார மாட்டேன் என்று பின்னால் கேக்கின் பக்கத்திலேயே நின்றேன். அவரும் ஏறிக்கொண்டார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, கிளம்பினோம். முதல் ஹம்ப் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி ஏறியது, இறங்கியது. திறந்து பார்த்தேன். கோபுரம் நின்றது. கே.ஆர். புரம், ஹொசகோட்டே, கோலார் எல்லாம் தாண்டினோம். ஹொசகோட்டே அருகில் எருமைகள் மேய்ந்தன. ஒன்றும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. அவர் மட்டும் அவற்றை முறைத்துக்கொண்டே வந்தார்.

ராபர்ட்சன்பேட்டை மண்டபத்தில் நான்கு பேர் பிடித்து இறக்கினார்கள். உச்சியில் சக்கரம் நேராக நின்றது. மாப்பிள்ளையின் அம்மா வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். விரலால் ஒரு சட்டத்தைத் தொட்டார்.

"இன்னாம்மா இது, ஆடவே இல்லியே" என்றார். பிறகு சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "நம்ம ஆஞ்சலா பண்ணதுதான்!" என்றார். நம்ம ஆஞ்சலாவாம்! நான் பதில் சொல்லத் தயாராக வைத்திருந்த அத்தனை சூடான வார்த்தைகளும் தொண்டையில் கரைந்து, மூக்கில் ஒழுகின.

"சரி, கத்தி எங்க?" என்றார்.

சமையல்காரர் ஒரு கத்தியைக் கொடுத்தார். வெங்காய வாடை அடித்தது. மாப்பிள்ளையின் அம்மாவின் புருவம் மறுபடியும் பழைய இடத்துக்கு ஏறத் தொடங்கியது. அப்போது கோவிந்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். என் நீளக் கத்தி. பிடியில் சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாங்கள் கிளம்பியது ஆறு மணிக்கு. மறுபூஜை ஒன்பது மணிக்கு.

"அங்கிள், இதுக்கும் பூ கேட்டீங்களா?"

"கேக்காம எடுப்பேனா? காலையில எழுந்து கேட்டேன்."

"உடனே விழுந்துடுச்சா?"

அவர் மங்கி குல்லாவைக் கழற்றி, மடித்து, ஸ்வெட்டர் பைக்குள் வைத்தார். கோபுரத்தின் உச்சியில் இருந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ரொம்பப் புழுக்கமா இருந்துச்சு மா. ஃபேன் போட்டேன்."